வயலா, வீடா, நீதிமன்றமா?

1981-ல் அமெரிக்காவில் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று ஏஞ்சலா டேவிஸ் எழுதிய 'பெண்கள், இனம், வர்க்கம்'. மற்றது பெல் ஹூக்ஸ் எழுதிய 'நான் பெண் இல்லையா?'. இருவரும் கறுப்பினப் பெண்கள். நிறப் பிரிவினை சட்டமாகவே இருந்த ஊர்களில் வளர்ந்தவர்கள். வெள்ளைப் பெண்கள் 'நாம்' என்று பேசும்போது அதில் கறுப்பினப் பெண் இருக்கிறாளா, கறுப்பின ஆண்கள் 'நம் மக்கள்' என்று முழங்கும்போதாவது இருக்கிறாளா என்பதுதான் இரண்டு புத்தகங்களின் கேள்வியும். எட்டு ஆண்டுகள் கழித்து, 1989-ல், கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் மூன்றாவது பதிலோடு வந்தார்.

இந்த மூவரையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கறுப்பினப் பெண்ணியம்' என்று சீட்டு ஒட்டிவிடுகிறோம். உட்கார்ந்து படித்தால் இவர்கள் முட்டிக்கொள்ளும் இடங்கள்தான் சுவையாக இருக்கின்றன. பாலினம், இனம், வர்க்கம் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன என்பதில் மூவருக்கும் சண்டை இல்லை. எந்த நுனியைப் பிடித்து முடிச்சை அவிழ்ப்பது என்பதில்தான் சண்டை. டேவிஸ் பருத்தி வயலில் தொடங்குகிறார், ஹூக்ஸ் வீட்டுக்குள், கிரென்ஷா நீதிமன்றத்தில்.

அடிமைக் காலத்தை யார் எப்படிப் படிக்கிறார்கள்

டேவிஸ் 1944-ல் அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். கறுப்பினத்தார் வீடுகளில் அடிக்கடி குண்டு வைக்கப்பட்டதால் அவர் வளர்ந்த பகுதிக்கு 'டைனமைட் குன்று' என்றே பெயர். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததற்காக 1969-ல் பல்கலைக்கழக வேலை போனது. 1970-ல் கைதாகி, 1972-ல் வழக்கிலிருந்து விடுதலையானார். அடிமைச் சமூகத்தில் பெண்ணின் இடம் பற்றி அவர் முதலில் எழுதியது அந்தச் சிறைவாசத்தின்போதுதான்.

அப்போது ஒரு அரசு அறிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். 1965-ல் டேனியல் மொய்னிஹன் தயாரித்தது. கறுப்பினக் குடும்பங்களின் துன்பத்துக்கு அங்கே பெண் கை ஓங்கியிருப்பதும் ஒரு காரணம் என்றது. டேவிஸின் பதில் வயலிலிருந்து வருகிறது. கண்காணி சாட்டையை ஓங்கும்போது ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. பருத்தி எடுப்பதில் இருவருக்கும் ஒரே கெடு. 'மெல்லியலாள்' என்ற வேடத்தை அவளுக்கு யாரும் தரவேயில்லை. முதலாளிக்குப் போகாத ஒரே உழைப்பு, இரவில் குடிசையில் தன் மக்களுக்காகச் செய்ததுதான். அந்த உழைப்பின் நடுவில் நின்றதால் எதிர்ப்பின் நடுவிலும் அவளே நின்றாள் என்கிறார் டேவிஸ்.

ஹூக்ஸ் இதே வயலுக்குப் போய் வேறொன்றைப் பார்க்கிறார். பெண்ணை ஆணின் வேலைக்குத் தள்ளினார்கள், சரி. ஆணைப் பெண்ணின் வேலைக்குத் தள்ளினார்களா? இல்லை. ஏர் பிடித்த பெண்தான் சோறும் பொங்கினாள். அதோடு முதலாளியின் பாலியல் வன்முறையும் அவள் தலையில். ஆக, அடிமைமுறையிலும் ஆணாதிக்கம் பத்திரமாகவே இருந்தது என்கிறார். கறுப்பின ஆணின் ஆண்மை பறிபோனதையே அடிமைமுறையின் பெருங்கொடுமையாக எழுதிவந்த வரலாற்றாசிரியர்கள் மேல் அவருக்குக் கடும் கோபம்.

ஆதாரம் என்று பார்த்தால் இந்தச் சுற்றில் டேவிஸுக்குத்தான் என் ஓட்டு. ஹூக்ஸ் அடிக்குறிப்பு போடாமல் எழுதியவர். சாதாரண வாசகர் மிரளக்கூடாது என்பது அவர் நியாயம், ஆனால் சரிபார்க்க நினைப்பவருக்குத் தலைவலி. கேள்வி என்று பார்த்தால் ஹூக்ஸின் கேள்விதான் கூர்மை. சாட்டை சமமாக விழுந்தது என்பதால் குடிசைக்குள்ளும் சமம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

அடுப்படி யாருடையது

மூவரில் இருவரை ஒப்பிட எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1963-ல் பெட்டி ஃப்ரீடன், படித்த பெண்கள் புறநகர் வீடுகளில் அடைபட்டுப் புழுங்குவதை எழுதினார். வெளியே வேலைக்குப் போவதே வழி என்றார். அமெரிக்காவே அதிர்ந்தது. ஹூக்ஸ் அமைதியாக ஒன்று கேட்டார்: இவர்கள் வேலைக்குப் போனால் அந்த வீட்டைக் கூட்டப்போவது யார்?

கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. கென்டக்கியின் ஹாப்கின்ஸ்வில் என்ற சிற்றூரில் 1952-ல் பிறந்தவர். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். இயற்பெயர் குளோரியா ஜீன் வாட்கின்ஸ். கொள்ளுப்பாட்டியின் பெயரைப் புனைபெயராக்கி, அதைச் சிறிய எழுத்துகளிலேயே அச்சிடச் சொன்னார். (தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. நமக்கு எல்லா எழுத்தும் ஒரே உயரம்.)

டேவிஸ் இதே இடத்தில் கணக்கோடு வருகிறார். 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் 59.5 சதவீதம் பேர் வீட்டுவேலை செய்தவர்கள். 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுவேலை, பண்ணைவேலை செய்தவர்களைத் தொடக்கத்தில் வெளியே நிறுத்திவிட்டது. நியூயார்க்கின் பிராங்ஸ் தெருமுனைகளில் மணிக்கணக்கு வேலைக்காக இவர்கள் காத்து நின்றதை, 1935-ல் எலா பேக்கர், மார்வல் குக் என்ற இரு பெண்கள் 'அடிமைச் சந்தை' என்றே எழுதினார்கள்.

அதனால்தான் 1970-களில் இத்தாலியில் மரியரோசா டல்லா கோஸ்டா போன்றவர்கள் 'வீட்டுவேலைக்குக் கூலி கொடு' என்று கிளம்பியபோது டேவிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி வாங்கி வீட்டுவேலை செய்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன விடுதலை கிடைத்தது? அவர் சொன்ன மாற்று: வீட்டுவேலையையே சமூகத்தின் வேலையாக்கு. பயிற்சி பெற்ற, நல்ல சம்பளம் வாங்கும் குழுக்கள் இயந்திரங்களோடு வீடு வீடாக வரட்டும்.

ஹூக்ஸ் நேர் எதிர்த் திசையில் போகிறார். வெளியே நாள் முழுக்க அவமானப்பட்டுத் திரும்பும் மக்களுக்கு, மனிதராக மதிக்கப்படும் ஒரே இடம் வீடு. அதைக் கறுப்பினப் பெண்கள் கட்டிக் காத்ததே ஒரு அரசியல் என்று 1990-ல் எழுதினார். வீட்டில் பார்க்கும் வேலை பல கறுப்பினப் பெண்களுக்குச் சுமையாக இருக்கவில்லை, வெளி உலகம் தராத மரியாதையைத் தந்தது என்பது அவர் வாதம். வேலை ஒழிய வேண்டாம், ஆணும் சேர்ந்து செய்யட்டும். பிள்ளை வளர்ப்பதும் அப்படியே.

எனக்கு டேவிஸின் கணக்கு வேண்டும், அவருடைய தீர்வு வேண்டாம். அந்த இயந்திரக் குழுவில் கடைசியில் யார் துடைப்பம் பிடிப்பார்கள் என்பதற்கு அவருடைய 59.5 சதவீதமே பதில் சொல்கிறதே! ஹூக்ஸின் வீடு மனதுக்கு நெருக்கம்தான். ஆனால் எட்டு மணி நேரம் அடுத்தவர் வீட்டைத் துடைத்துவிட்டு வருகிறவளிடம் 'உன் வீடு எதிர்ப்பின் களம்' என்றால், அவள் முதலில் உட்கார ஒரு நாற்காலி கேட்பாள்.

வெளிப் பகை, உள் பகை

கறுப்பின ஆணை இயல்பிலேயே பாலியல் வெறியன் என்று சித்தரித்த பொய்தான் ஆயிரக்கணக்கான கும்பல் கொலைகளுக்குச் சாக்காக இருந்தது. ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 1890-களிலேயே இதை அம்பலப்படுத்தினார். டேவிஸ் அந்த வழியில் நின்று, பாலியல் வன்முறை பற்றி எழுதிய வெள்ளைப் பெண்ணியர்கள் சிலர் அந்தப் பொய்க்குப் புத்துயிர் கொடுப்பதைத் தோலுரிக்கிறார். கருத்தடை உரிமை பற்றியும் அப்படித்தான். 1973-ல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் 12, 14 வயதுக் கறுப்பினச் சகோதரிகள் இருவருக்கு, எழுதப்படிக்கத் தெரியாத தாயிடம் கைநாட்டு வாங்கி மலட்டு அறுவை செய்தார்கள். 'என் உடல் என் உரிமை' என்றவர்களில் பலர் அந்தச் சிறுமிகளை மறந்தார்கள் என்கிறார்.

வீட்டு ஆணே கை ஓங்கும்போது? அங்கே டேவிஸின் குரல் தாழ்கிறது. ஹூக்ஸ் தாழ்த்தவில்லை. 1960-களின் கறுப்பின விடுதலைத் தலைவர்கள் பெண்ணைப் பின்னால் நிற்கச் சொன்னதைப் பெயர் சொல்லித் திட்டினார், இனத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்ற வசையும் வாங்கினார். 'ஏகாதிபத்திய வெள்ளை மேலாதிக்க முதலாளிய ஆணாதிக்கம்' என்று ரயில்பெட்டிகள் போல அவர் கோத்துச் சொன்னதன் காரணமும் இதுதான்: எந்தப் பெட்டியும் கழன்றுவிடக்கூடாது.

நாற்சந்தி

கிரென்ஷாவைச் சுருக்கமாகவே சொல்லலாம், அவருடைய வாதம் அத்தனை கச்சிதம். செயின்ட் லூயிஸில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை எடுக்கவே இல்லை. பிறகு மந்தம் வந்தபோது, கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும் என்ற விதிப்படி, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் எல்லோரும் வெளியேறினார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1976-ல் நீதிமன்றம் கைவிரித்தது: நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது (அவர்கள் வெள்ளையர்), ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாட்டுக்கு வேறு வழக்கு இருக்கிறது, அதில் போய்ச் சேருங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்க சட்டத்தில் இடமில்லை.

நான்கு பக்கமிருந்தும் வண்டி வரும் சந்தியில் அடிபட்டவளின் நிலை என்றார் கிரென்ஷா. இதற்கு அவர் வைத்த பெயர் 'இன்டர்செக்‌ஷனாலிட்டி'. தமிழில் சிலர் இதைக் 'குறுக்குவெட்டு' என்கிறார்கள். அது மரத்தை அறுத்து உள்ளே பார்ப்பது. அவர் சொன்னது நாற்சந்தி. கருத்தும் அவரோடு பிறந்ததல்ல. பாஸ்டனின் கொம்பாகீ நதிக் குழு என்ற கறுப்பினப் பெண்ணியர் அமைப்பு 1977 அறிக்கையிலேயே, ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட ஒடுக்குமுறைகள் என்று எழுதிவிட்டது.

மனு எழுத வேண்டுமா, கிரென்ஷாதான். அடிபட்ட இடத்தை அவரைப்போல் துல்லியமாகக் காட்ட ஆளில்லை. ஆனால் அந்தச் சாலைகளைப் போட்டது யார், யார் லாபத்துக்கு என்று கேட்க டேவிஸிடம்தான் திரும்ப வேண்டும். நம் வீட்டுக்கூடத்தில் நடப்பதைக் கேட்க ஹூக்ஸிடம். ஒன்றுதான் வாங்கமுடியும் என்பவருக்கு டேவிஸ். ஏற்கெனவே தொழிற்சங்கத்தில் இருப்பவர் என்றால் ஹூக்ஸை முதலில் படியுங்கள், கொஞ்சம் உறுத்தும்.

ஹூக்ஸின் தலைப்பைப் பற்றி ஒரு விஷயம். 1851-ல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரப் பெண்கள் மாநாட்டில், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற சோஜர்னர் ட்ரூத் 'நான் பெண் இல்லையா?' என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1863-ல் ஃபிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைப் பெண் எழுதிய வடிவத்தில்தான் அந்த வரி வருகிறது, அதுவும் தென்மாநிலக் கொச்சையில். ட்ரூத் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், தாய்மொழி டச்சு. மாநாடு முடிந்த சில வாரங்களில் வந்த செய்தித்தாள் பதிவில் அந்தக் கேள்வியே இல்லை. அதில் இருப்பது இது: உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், சோளம் உரித்திருக்கிறேன், இதற்குமேல் எந்த ஆண் செய்துவிடுவான்?