நட்சத்திரங்களை விடச் சொற்களை நம்புங்கள்: குட்ரீட்ஸ் தளம் குறித்து ஒரு மதிப்புரை

அடுத்து எதைப் படிப்பது என்ற கேள்வியோடு, வாசகர்கள் நூல்களுக்கு மதிப்பெண் இட்டு மதிப்புரை எழுதும் இணையதளமான குட்ரீட்ஸுக்குள் நுழைபவர்களின் கண் முதலில் போய் நிற்பது, நூலின் பெயருக்குக் கீழே தெரியும் சராசரி மதிப்பெண்ணில்தான். 4.2 என்றால் எடுத்துவிடலாம், 3.4 என்றால் விட்டுவிடலாம் என்று தொடக்கத்தில் நானும் முடிவுசெய்து வந்தேன். பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, அந்தத் தளத்தில் மிகக் குறைவாக உதவுவது அந்த எண்தான் என்றும், முன்பின் அறியாத வாசகர்கள் தங்கள் நேரத்தைச் செலவழித்து எழுதிவைத்திருக்கும் சொற்கள்தான் அதன் உண்மையான செல்வம் என்றும் உறுதியாக நினைக்கிறேன்.

ஓட்டிஸ் சாண்ட்லரும் எலிசபெத் கூரி சாண்ட்லரும் சேர்ந்து தொடங்கிய இத்தளம் 2007 ஜனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2013-இல் அமேசான் நிறுவனம் இதை வாங்கியது. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. படித்தவை, படித்துக்கொண்டிருப்பவை, படிக்க விரும்புபவை என மூன்று அடுக்குகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன; அவற்றைத் தவிர நமக்கு வேண்டிய பெயரில் எத்தனை அடுக்குகளையும் உருவாக்கிக்கொள்ளலாம். 'பாதியில் வைத்தவை', 'மறுபடி படிக்க வேண்டியவை', 'கடன் கொடுத்தவை' என்று நான் வைத்திருக்கும் அடுக்குகள், எந்த நாட்குறிப்பையும் விட என் வாசிப்பை நேர்மையாகக் காட்டுகின்றன. இந்த ஒரு பயனுக்காகவே ஒவ்வொரு வாசகரும் இங்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்பேன். பட்டியல் முழுவதையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளவும் முடியும் என்பதால், நாளை வேறிடம் போக நேர்ந்தாலும் உழைப்பு வீணாகாது.

மதிப்பெண் முறைக்கு வருவோம். ஒன்று முதல் ஐந்து வரை முழு நட்சத்திரங்கள் மட்டுமே உண்டு. அரை நட்சத்திரம் கிடையாது. தளம் தரும் விளக்கத்தின்படி ஒரு நட்சத்திரம் 'பிடிக்கவில்லை', இரண்டு 'பரவாயில்லை', மூன்று 'பிடித்தது', நான்கு 'மிகவும் பிடித்தது', ஐந்து 'அற்புதம்'. இதைக் கவனித்தால், ஐந்தில் நான்கு படிகள் 'பரவாயில்லை' என்பதற்கோ அதற்கு மேலோ ஒதுக்கப்பட்டிருப்பது புரியும். ஆனால், பலர் இந்த விளக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஒருவர் பிடித்திருந்ததால் மூன்று இடுகிறார். இன்னொருவர் ஏமாற்றத்தைக் காட்ட அதே மூன்றை இடுகிறார். வேறொருவர் ஆசிரியரின் மேல் உள்ள அன்பால் ஐந்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. நோக்கத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்தனை அளவுகோல்களைக் கூட்டி வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்கு, தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் போடுவதால் துல்லியம் வந்துவிடாது.

இன்னொரு காரணமும் உண்டு. மக்கள் தமக்குப் பிடிக்கும் என்று நம்பும் நூல்களைத்தான் தேர்ந்தெடுத்துப் படிக்கிறார்கள் என்பதால், நான் பார்த்தவரை பெரும்பாலான நூல்களின் சராசரி 3.5-க்கும் 4.3-க்கும் இடையிலேயே நெருக்கிக்கொண்டு நிற்கிறது. தொடர் நாவல்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் பாகம் பிடிக்காதவர்கள் இரண்டாம் பாகத்தைத் தொடுவதில்லை. மூன்றாம் பாகம் வரை வருபவர்கள் ஏற்கெனவே அந்த உலகத்தை நேசிப்பவர்கள். எனவே எழுத்து மேம்படாமலேயே பிந்தைய பாகங்களின் மதிப்பெண் ஏறுவதுண்டு. மாறாக, பாடமாக வைக்கப்பட்டதால் விருப்பமின்றிப் படிக்கப்படும் செவ்வியல் நூல்கள் தகுதிக்குக் குறைவான எண்ணோடு நிற்பதைக் காணலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மதிப்புரைகளை நட்சத்திர வாரியாகப் பிரித்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்தி, முதலில் மூன்று நட்சத்திரம் இட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். ஐந்து இட்டவர் மகிழ்ச்சியில் இருக்கிறார், ஒன்று இட்டவர் கோபத்தில் இருக்கிறார். இருவருமே காரணம் சொல்லும் பொறுமையை இழந்திருக்கக்கூடும். மூன்று இட்டவருக்கோ இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது: எது தன்னை ஈர்த்தது, எந்த இடத்தில் நூல் தன்னைக் கைவிட்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வாங்கத் தயங்கிய பல நூல்களைப் பற்றி இத்தகைய ஒரு பத்தி தந்த தெளிவை அட்டைக் குறிப்புகள் தந்ததில்லை.

குறை சொல்லும் மதிப்புரைகளுக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஒரு நாவலைப் பற்றி ஒரு வாசகர், முந்நூறு பக்கங்களில் ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு வயதானவர் மழையைப் பார்த்துக்கொண்டு பழையதை நினைத்துக்கொண்டே இருக்கிறார், பக்கக் கணக்கில் ஆற்றையும் கரையையும் வர்ணித்தே ஆசிரியர் நம்மைக் களைப்படையச் செய்கிறார் என்று மனம் வெதும்பி எழுதி, ஒற்றை நட்சத்திரம் இட்டிருந்தார். நான் அன்றைக்குத் தேடிக்கொண்டிருந்தது அப்படியொரு நாவலைத்தான். அவருக்குப் பிடிக்காததை மறைக்காமல், எது பிடிக்கவில்லை என்று விவரமாகச் சொன்னதால்தான் அது எனக்கான நூல் என்று கண்டுகொள்ள முடிந்தது. வெறுமனே 'அறுவை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் எங்கள் இருவருக்குமே பயனில்லை.

மதிப்புரை எழுதுபவர்கள் மேல் எனக்குள்ள ஒரே வேண்டுகோளும் இதுதான். கதைச் சுருக்கத்தை அட்டையே தந்துவிடுகிறது. அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. நூலின் வேகம் எப்படி, மொழி எப்படி, எந்த மனநிலையில் படித்தீர்கள், எந்தப் பக்கத்தில் கீழே வைக்கத் தோன்றியது என்று சொன்னால் போதும். முடிவை வெளிப்படுத்தும் பகுதியை மறைத்துவைக்கும் வசதி தளத்திலேயே இருக்கிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள்.

தளம் தானாகத் தரும் பரிந்துரைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நாம் அடுக்கிவைத்ததைப் போன்றே இருக்கும், ஏற்கெனவே பலரும் அறிந்த நூல்களையே அது பெரும்பாலும் நீட்டுகிறது. எனக்குப் புதிய திசைகளைக் காட்டியவர்கள் மனிதர்கள்தான். ஒருவரின் மதிப்புரை பிடித்திருந்தால் அவருடைய அடுக்குகளைத் திறந்து, நாங்கள் இருவரும் படித்த நூல்களைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். நான்கைந்து நூல்களில் எங்கள் கருத்து ஒத்துப்போனால் மட்டுமல்ல, ஒத்துப்போகாத இடத்திலும் அவருடைய காரணம் எனக்கு விளங்கினால் அவரைப் பின்தொடரத் தொடங்குவேன்.

கவலை தரும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. நூல் வெளிவருவதற்கு முன்பே அதற்கு மதிப்பெண் இட முடியும். முன்படிகளைப் படித்தவர்களுக்காக இருக்கும் இந்த வழி, படிக்காதவர்கள் கூட்டமாக வந்து ஒரு நட்சத்திரம் இடுவதற்கும் பயன்பட்டுவிடுகிறது. 2023-இல் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் தம் புதிய நாவலின் வெளியீட்டை நிறுத்திவைக்கும் அளவுக்கு, யாரும் படித்திராத அந்நூலின் பக்கத்தில் நூற்றுக்கணக்கான ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்தபோது அந்நாவல் ரஷ்யாவைக் களமாகக் கொண்டிருந்தது என்பதே எதிர்ப்புக்குக் காரணம். அத்தகைய நேரங்களில் ஒரு நூலின் பக்கத்தில் மதிப்பீடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நடைமுறையைத் தளம் பின்னர் அறிவித்தது. அது நல்ல தொடக்கம். ஆயினும் புயல் வந்த பிறகு கதவைச் சாத்துவதாகவே எனக்குப் படுகிறது. படிக்காத நூலுக்கு மதிப்பெண் இடுவதை, அது ஐந்தாக இருந்தாலும், வாசகர்களாகிய நாமே கைவிட வேண்டும்.

மாற்றுகளும் இருக்கின்றன. நாடியா ஒடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃப் தளத்தில் கால் நட்சத்திர அளவுக்குக்கூட நுணுக்கமாக மதிப்பெண் இடலாம். நூலின் மனநிலை, வேகம் ஆகியவற்றை வாசகர்களிடமே கேட்டுத் தொகுத்துக் காட்டுகிறது. என்ன படிக்கலாம் என்று தேடுவதற்கு அது மேலானது என்றே தோன்றுகிறது. 2005 முதல் இயங்கும் லைப்ரரிதிங், சொந்த நூல்களைப் பட்டியலிடுவதில் கவனம் உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் நீண்ட காலமாக எழுதப்பட்டுக் குவிந்திருக்கும் மதிப்புரைகள் குட்ரீட்ஸில்தான் இருக்கின்றன. பழைய, பேசப்படாத ஒரு நூலைத் தேடும்போது அங்கேயாவது ஒருவர் நான்கு வரி எழுதியிருப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது.

இப்போது நான் பின்தொடர்பவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர் ஆண்டுக்கு ஆறேழு நூல்களுக்கு மேல் படிப்பதில்லை, ஐந்து நட்சத்திரம் இட்டு நான் பார்த்தது இரண்டே முறை. அந்த இரண்டாவது நூல் இப்போது என் மேசையில் இருக்கிறது. பாதி தாண்டிவிட்டேன், அவர் எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லும் சரி.