ரெண்டு காதும் பண்ணியாச்சு, இனி கேளுங்க

நண்பர் ஒருவருக்குக் காது ஜவ்வில் ஓட்டையாம். "அதை அடைக்கிற ஆபரேஷனை காதுக்குப் பின்னால் கீறிப் பண்றது, காதுத் துவாரம் வழியாவே பண்றது, நீங்கதான் ரெண்டும் பண்ணியிருக்கீங்களே, எது நல்லது?" என்று நேற்றுக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதில்தான் இது, கொஞ்சம் நீட்டி.

வலது காது 2016-ல். காதுக்குப் பின்னால் கீறி, காதுக்கு மேலிருக்கும் தசையின் உறையில் ஒரு துண்டை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ஓட்டைக்கு உட்புறமாக வைத்து அடைத்தார்கள். பாதி முடி போய்விட்டது. தலையைச் சுற்றிக் கட்டோடு பஸ் ஏறினால் எல்லோரும் அடிதடி கேஸ் மாதிரி பார்த்தார்கள். காபி குடித்தால் நாக்கின் ஒரு பக்கம் மட்டும் காசைச் சப்புகிற மாதிரி இருந்தது. ருசி நரம்பு ஜவ்வை ஒட்டித்தான் போகிறதாம். இரண்டு மாதத்தில் சரியானது. சரியாகாதது காது மடலின் மரமரப்பு. முடி வெட்டுபவர் மடலை மடக்கும்போது இன்றும் யார் காதையோ பிடிக்கிறார் என்றே தோன்றுகிறது.

இடது காது 2022-ல், எண்டோஸ்கோப் என்கிற மெல்லிய குழாய்க் கேமராவில், காதுத் துவாரம் வழியாகவே. மொட்டை இல்லை, பெரிய கட்டு இல்லை, மறுநாள் வீடு. மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் எனக்குச் சரியில்லை, மெல்லிசாக வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று குருத்தெலும்பு வைத்தார்கள். அதை எடுத்தது காது வாசலில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன மேட்டிலிருந்து. வடிவம் மாறாமலிருக்க ஓரத்தை விட்டுவைத்தார்கள், தழும்பும் உட்பக்கம்தான், எல்லாம் சரி. ஆனால் இயர்பட்ஸைப் பிடித்து நிறுத்துவதே அந்த மேடுதான் என்று யாரும் சொல்லவில்லையே! நான்கு கம்பெனி மாற்றிவிட்டேன், படியிறங்கினால் விழுகிறது. இத்தனை பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இதற்கா கோபம் என்பீர்கள். தினமும் படியிறங்குகிறவனுக்குத்தான் தெரியும்.

நியாயமாகச் சொன்னால், ஓட்டை அடைபடுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எண்டோஸ்கோப்பில் டாக்டருக்கு ஒரு கை கேமராவோடு போய்விடும், மிச்சம் ஒரு கைதான். மூலை முடுக்கெல்லாம் தெரிவது லாபம். குருத்தெலும்பு இழுபடாது, ஆனால் அதன் பின்னால் ஏதாவது வளர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. எப்படிச் செய்தாலும் சில வாரம் காது அடைத்தே இருக்கும், வாஸ்லின் தடவிய பஞ்சு வைத்துத்தான் தலைக்குக் குளிக்கணும், தும்மினால் வாயைத் திறந்து தும்மணும்.

அதனால் எண்டோஸ்கோப்பே பண்ணுங்க என்றுதான் நண்பரிடம் சொன்னேன். சொல்லும்போது போன் என் வலது காதில் இருந்தது. இடது பக்கம் வைத்தால் பாதி கேட்காது.