எரிப்பதா, சேர்த்து வைப்பதா? மிஸ்ட்பார்ன் உலகில் எந்தப் பக்கம் போவது

பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு வருடமாக எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் மிஸ்ட்பார்ன் மாயக்கதை நாவல்களின் உலகத்திலேயே குடியிருக்கிறது. அந்த உலகத்தின் இரண்டு மாய வித்தைகள் அலோமன்ஸி, ஃபெருக்கெமி. முதல் ஆறு மாதம் நான் அலோமன்ஸர், இப்போது ஃபெருக்கெமிஸ்ட். புதிதாகச் சேரும் இரண்டு பேர் எதை எடுக்கலாம் என்று கேட்டார்கள். நான் எந்தக் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபெருக்கெமி.

இரண்டும் உலோகத்தை வைத்துத்தான். அலோமன்ஸியில் உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள் 'எரிக்க' வேண்டும், சக்தி வெளியிலிருந்து வரும். ஃபெருக்கெமியில் உங்களிடம் இருப்பதையே, அதாவது எடை, பலம், நினைவு, விழிப்பு, உடம்புச் சூடு எதுவானாலும், மேலே படும்படி போட்டிருக்கும் மோதிரத்திலோ காப்பிலோ சேர்த்து வைத்து அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். போட்டதுதான் வரும், வட்டி கிடையாது.

கவர்ச்சியில் அலோமன்ஸிதான், அதில் பேச்சே இல்லை. எஃகை எரித்து ஒரு காசைத் தரையில் தள்ளி வீட்டுக்கூரைக்குப் பறக்கும் சுகம் வேறு எதிலும் வராது. பித்தளையால் எதிராளியின் கோபத்தைத் தணிக்கலாம், துத்தநாகத்தால் கிளறிவிடலாம், செம்பால் பதுங்கலாம். சரி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைக் கட்சி மாற வைத்தது பராமரிப்பு. அலோமன்ஸர் என்றால் இடுப்பில் எப்போதும் உலோகத் துகள் குப்பிகள் இருக்க வேண்டும், தீர்ந்தால் வாங்க வேண்டும், சண்டையில் ஒரு குப்பி உடைந்தால் கதை முடிந்தது. உலோகம் சுத்தமாகவும் இருக்க வேண்டும். பலம் தரும் பியூட்டர் என்ற கலப்பு உலோகம் என்றால் 91 சதவீதம் வெள்ளீயம், 9 சதவீதம் காரீயம், அளவு தப்பினால் பலம் வருவதற்குப் பதில் உடம்புக்கு வந்துவிடும். (ரசத்துக்கு ஈயச்சொம்பு வாங்கப் போனால் காரீயம் கலந்திருக்குமோ என்று என் அம்மா கடைக்காரரைப் படுத்தும் பாடு ஞாபகம் வந்தது. அலோமன்ஸருக்கு ஒவ்வொரு குப்பிக்கும் அந்தப் பாடுதான், ஆனால் இங்கே காரீயம் சரியான அளவில் கலந்திருந்தாக வேண்டும்.) போதாததற்கு, ராத்திரி படுக்கும் முன் வயிற்றில் மிச்சமிருப்பதை எரித்துத் தீர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விஷம். 2006இல் வந்த முதல் நாவலில் குரு கெல்சியர் சிஷ்யை வின்னுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆரம்பப் பாடங்களில் இதுவும் ஒன்று. எல்லோரும் பறக்கும் காட்சியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

என் காயின்ஷாட், அதாவது எஃகு மட்டும் எரிக்கத் தெரிந்த ஆள், செத்தது எதிரியால் அல்ல. மூன்று மாடி உயரத்தில் இருந்தபோது எஃகு தீர்ந்துபோனது. குப்பிக் கணக்கை நான் காகிதத்தில் குறிக்காமல் விட்டதுதான் காரணம், ஆட்டத்தை நடத்துபவர் தாட்சண்யமே பார்க்கவில்லை.

ஃபெருக்கெமிஸ்டுக்கு அந்த உலோகம் தீர்ந்துபோவதில்லை. அதே காப்புதான் ஆயுசுக்கும், காலியானால் மறுபடி நிரப்பலாம். விலை வேறு இடத்தில் இருக்கிறது. பலம் சேர்க்கிறீர்கள் என்றால் அத்தனை நேரமும் நோஞ்சானாக இருக்க வேண்டும், சதையே வற்றிப்போகும். இப்போது என் பாத்திரம் டெரிஸ்காரர், அதாவது ஃபெருக்கெமி வழிவழியாக வரும் இனத்தவர். பயணத்தில் மற்றவர்கள் வண்டியில் சும்மா உட்கார்ந்து வரும் இரண்டு நாளும் நான் என்னையே வற்றவைத்து ஒரு காப்பை நிரப்புகிறேன், தண்ணீர்க் குடத்தைக்கூட வேறு யாராவதுதான் தூக்கித் தர வேண்டும். கேலி செய்வார்கள். ஆனால் நகரத்தை அடையும்போது அவர்கள் உலோகம் வாங்க ஆள் தேடுகிறார்கள், எனக்குக் கடையே வேண்டாம். வெட்டியாகப் போகும் நேரத்தைச் சரக்காக மாற்றும் வேறு முறை இந்த உலகத்தில் இல்லை. பிந்தைய நாவல்களின் நாயகன் வாக்ஸ் தன் எடையில் கால் பங்கை எந்நேரமும் இரும்பில் போட்டுக்கொண்டே திரிவார். எனக்கு அது மாதாமாதம் சீட்டுப் போடும் ஆளைத்தான் ஞாபகப்படுத்தும்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. அவசரத்தில் மொத்தமாக உருவினால் அந்த வேகத்துக்கே கொஞ்சம் சேமிப்பு வீணாகும். ஒருவர் நிரப்பியதை இன்னொருவர் எடுக்க முடியாது, காப்பைக் கழற்றிக்கொண்டால் நீங்கள் சாதாரண மனிதர். 2007இல் வந்த இரண்டாம் நாவலில் லுத்தடேல் நகரக் கதவருகே கொலாஸ் என்ற ராட்சதக் கூட்டத்தின் எதிரே நிற்கும் ஃபெருக்கெமிஸ்ட் சேஸெட், பல நாள் சேர்த்த பலத்தைக் கொஞ்ச நேரத்தில் கரைத்துவிடுவார். அலோமன்ஸராக இருந்தால் இன்னொரு குப்பியைத் திறந்திருக்கலாம். ஆக, ஒரே நாளில் மூன்று சண்டை என்ற ரகத்தில் உங்கள் ஆட்டம் போகுமென்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆளைக் கொன்று ஆணியில் சக்தியைத் திருடும் ஹெமலர்ஜி மூன்றாவது வழி. நான் ஆடியதில்லை, எங்கள் மேசையில் அது வில்லன்களுக்கு மட்டும். இரண்டு வித்தையும் ஒருவரிடமே சேரும் பாத்திரத்தை இரண்டு ஆட்டம்தான் முயன்று பார்த்தேன், பலம் அதிகம்தான், ஆனால் குப்பிக் கணக்கு காப்புக் கணக்கு இரண்டும் தலையில் விழுந்தது.

போன வாரம் கோட்டைக்குள் நுழையும் நேரத்தில் எங்கள் புதிய காயின்ஷாட் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, எஃகுக் குப்பி ஒன்று இருந்தால் கடன் கொடுங்களேன்." என்னிடம் ஏது? மூன்று நாள் தூங்கித் தூங்கி விழிப்பால் நிரப்பிய வெண்கல மோதிரம்தான் இருந்தது, அதை அவனுக்குக் கொடுத்தும் பிரயோஜனமில்லை. சரி, நீ படு, ராக்காவல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.