வெள்ளைப் பெட்டியில் வந்த கியர்பாக்ஸ் கிட்: வாங்கலாமா?

என் வண்டி இசுசு வி-கிராஸ், 2021 மாடல், 1.9 டீசல், 6 கியர் ஆட்டோமேட்டிக். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் தேடிப்பிடித்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு பேரணாம்பட்டில், மாமனார் நிலம் எல்லைக்கு அந்தப்பக்கம், ஆந்திராவில் வி.கோட்டா பக்கம். பத்தலப்பல்லி மலைப்பாதையில் போகும்போது உர மூட்டை, வரும்போது தக்காளி. இந்த வண்டி இல்லையென்றால் எனக்கு அந்த நிலத்துக்குப் போய்வர வழியே இல்லை.

போன வருடம் மலை ஏறும்போது 3-லிருந்து 4-க்கு மாறும் இடத்தில் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது. ஆயில் பானைக் கழற்றினால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டிகாக்ஷன் மாதிரி கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. பானுக்குள் இருக்கும் காந்தத்தில் கரிய விழுது ஒட்டியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் ஒரு தடவைகூட ஆயில் மாற்றவில்லை என்பது பிறகு தெரிந்தது. விசாரித்த ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸையே மாற்றணும், இரண்டே கால் லட்சம் ஆகும் என்றார்கள். அன்றுதான் வீட்டிலேயே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கிட்டுக்கு வருகிறேன். கியர்பாக்ஸைப் பிரித்தால் மாற்ற வேண்டிய பாகங்களை ஒரே பெட்டியில் போட்டுத் தருவதுதான் கிட். என் வி-கிராஸும் சேர்ந்த டி-மேக்ஸ் வகை வண்டிகள் ஏராளமாக ஓடும் ஊர் தாய்லாந்து என்பதால் அங்கிருந்து வரவழைத்தேன். கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். வெள்ளைப் பெட்டி, பிராண்டு பெயர் கிடையாது, பார்ட் நம்பர் ஸ்டிக்கர் மட்டும். இந்தக் கிட்டில் மூன்று தரம் உண்டு என்பதை வாங்கும் முன் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். கேஸ்கெட்டும் சீலும் ரிங்கும் மட்டும் வருவது ஒன்று. அதோடு ஃப்ரிக்ஷன் பிளேட்டும் (உராய்ந்து பிடிக்கும் பட்டை ஒட்டிய வட்டத் தட்டு) சேர்ந்து வருவது இரண்டாவது. அவற்றுக்கு நடுவே வரும் வெறும் இரும்புத் தட்டான ஸ்டீல் பிளேட்டும் வருவது மாஸ்டர் கிட். காசை மிச்சம் பிடிக்க நான் நடுவில் உள்ளதை வாங்கினேன். அது தப்பு. பிரித்துப் பார்த்தால் தேய்ந்துபோன பிளேட்டுகளுக்கு நடுவே இருந்த ஸ்டீல் எல்லாம் சூட்டில் நீலம் பாரித்து, புள்ளி புள்ளியாக இருந்தன. அந்த ஸ்டீல் மேல் புது ஃப்ரிக்ஷன் போட்டால் சீக்கிரமே அதுவும் தீய்ந்துவிடும். ஸ்டீலுக்குத் தனியாக ஆர்டர் போட்டதில் மூன்று வாரம் போனது. வண்டி செங்கல் மேல், தக்காளி வாடகை டெம்போவில்.

ஃப்ரிக்ஷன் பிளேட்டின் தரம் நல்லது. ஒட்டு சீராக இருந்தது, எண்ணிக்கையும் சரி. ஆயிலில் இரவு முழுக்க ஊறவைத்துத்தான் போட்டேன். காய்ந்த பிளேட்டை அப்படியே பூட்டினால் முதல் ஓட்டத்திலேயே எரியும். டெஃப்லான் ரிங்குகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவை மாட்டும்போது விரிந்துவிடும், திரும்பச் சுருக்கணும். பிளாஸ்டிக் பாட்டிலில் பட்டையாக ஒரு துண்டு வெட்டி, ரிங்கைச் சுற்றி வைத்து ஹோஸ் கிளிப்பால் இறுக்கி ஒரு மணி நேரம் விட்டேன். அப்புறம் டிரம்முக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

குறை என்றால் பின்பக்கத்து சீல். ரப்பர் விறைத்துப்போய், உதடு வளையவே இல்லை. பல நாள் கோடவுனில் கிடந்த சரக்காக இருக்கணும். அளவைக் குறித்துக்கொண்டு குடியாத்தத்தில் சீல் கடையில் வேறு வாங்கிப் போட்டேன். இன்னொன்று, பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எந்த ரிங் எங்கே என்பதைப் பழையதோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஏழு ஓ-ரிங்கும் இரண்டு கேஸ்கெட்டும் மிச்சம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் தெருவில் ஷார்ஜாவில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த பாய் ஒருவர் இருக்கிறார். காலையில் அவரைக் கூட்டிவந்து காட்டினேன். "பயப்படாதே தம்பி, நாலஞ்சு மாடலுக்கும் சேர்த்துதான் ஒரு கிட் போடுவாங்க, மிச்சம் வரத்தான் செய்யும்" என்றார். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்ன விஷயங்கள் இல்லையென்றால் நல்ல கிட்டும் என் கையில் வீணாகியிருக்கும். வேஸ்ட் காட்டன் பக்கத்திலேயே வரக்கூடாது என்றார், ஒரு நூல் போதுமாம் வால்வு சிக்கிக்கொள்ள. அதனால் அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவையை விரித்து அதில்தான் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையில் அடுக்கினேன். ஆயிலை எந்த கியருக்கு அனுப்புவது என்று திருப்பிவிடும் வால்வு பாடியில் இருக்கும் சின்னக் குண்டுகள் விழாமல் நிற்க கிரீஸ் தடவக்கூடாது, வேஸ்லின்தான். வேஸ்லின் சூட்டில் ஆயிலோடு கரைந்துவிடும், கிரீஸ் கரையாமல் ஃபில்டரை அடைக்கும்.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் மிதி இல்லையே தவிர, பாக்ஸுக்குள் இந்தப் பிளேட்டுகள் அடுக்கிய கிளட்ச் செட்டுகள் உண்டு. ஒவ்வொரு கிளட்ச் செட்டையும் பூட்டியதும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு இடைவெளி பார்த்தோம். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் இருந்து 3 பார் அளவுக்குக் காற்றைக் குறைத்து ஆயில் துளையில் அடித்தால் 'டொப்' என்று பிளேட்டுகள் சேரும் சத்தம் கேட்கணும். ஒன்றில் 'உஸ்' என்று வந்தது. திரும்பக் கழற்றினால் பிஸ்டன் சீல் ஒரு ஓரத்தில் மடிந்திருந்தது. வண்டியில் ஏற்றிய பிறகு இது தெரிந்திருந்தால் மொத்த வேலையும் போயிருக்கும்.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை வீட்டில் தொட முடியாது. அதை லேத்தில் வெட்டித் திறந்து, கழுவி, உள்ளே இருக்கும் லாக்-அப் லைனிங்கை மாற்றி, திரும்ப வெல்டு வைத்து பேலன்ஸ் பார்க்கணும். சென்னை புதுப்பேட்டையில் விசாரித்து ஒரு பட்டறையில் கொடுத்தேன். 14,000 ரூபாய், நான்கு நாள். பழைய கன்வெர்ட்டரை அப்படியே போட்டால் அதில் தங்கிய கரித்தூள் அத்தனையும் புது பிளேட்டுக்கு வந்து சேரும். மாட்டும்போது அதைச் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ளணும், என் பாக்ஸில் மூன்று படியாக இறங்கியது. முழுக்க இறங்காமல் இன்ஜினோடு போல்ட் போட்டு இறுக்கினால் கியர்பாக்ஸின் ஆயில் பம்பு உடையும். ஹவுசிங் விளிம்பில் இரும்பு ஸ்கேலை வைத்து ஆழத்தை நான் மூன்று முறை அளந்தேன்.

மற்ற செலவு: ஸ்டீல் பிளேட் 9,000, கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலும் ஃபில்டரும் 13,000, ஜாக் வாடகை 1,500. ஸ்பிரிங் அழுத்தும் கருவியை லேத்தில் பட்டையும் திரெட் ராடும் வைத்து 800 ரூபாய்க்குச் செய்துகொடுத்தார்கள். குடியாத்தத்து சீலும் புதுப்பேட்டைக் கூலியும் சேர்த்தால்கூட எண்பதாயிரத்தைச் சுற்றித்தான் வந்தது.

பூட்டியபின் ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, சூடு பார்த்துத்தான் சரிசெய்யணும். ஸ்கேனரில் கியர் மாறும் பழைய பதிவை அழித்துவிட்டு இரண்டு நாள் நிதானமாக ஓட்டினேன். மூன்றாம் நாள் பதினைந்து உர மூட்டையோடு பத்தலப்பல்லி ஏறினேன். 4-வது கியர் விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை, இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் இறங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. 6,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. 1,500-ல் ஒரு தடவை ஆயில் மாற்றினேன், சிவப்பாகவே இறங்கியது.

கிட்டுக்கு ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். பிளேட்டுக்காக வாங்கலாம், ஆனால் மாஸ்டர் கிட்டாக வாங்குங்கள். சீல்களை விரலால் வளைத்துப் பார்த்த பிறகே போடுங்கள். ஸ்பிரிங் கருவியும் பெரிய சர்க்ளிப் பிளையரும் என்னிடம் சும்மாதான் கிடக்கின்றன. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் வேலை இருந்தால் வந்து எடுத்துப்போகலாம், வாடகை வேண்டாம்.