ஓபனா, ராக்கியா: எதில் தொடங்கலாம்?

விளையாட்டைப் பற்றி ஒரே ஒரு படைப்பைப் பரிந்துரைக்கச் சொன்னால் எனக்கு இரண்டு பெயர் வரும்: டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் சுயசரிதை 'ஓபன்' (2009), அப்புறம் 1976-இல் வந்த 'ராக்கி' படம்.

ராக்கி இரண்டு மணி நேரம்தான். கடைசிச் சண்டையில் குத்துச்சண்டை வீரன் ராக்கி தோற்கிறான், ஆனால் விழுந்தாலும் எழுந்து 15 சுற்றும் நிற்கிறான், அவன் ஆசைப்பட்டதும் அதற்குத்தான். சோர்ந்துபோன நாளில் பாருங்கள்.

ஓபன் வேறு ரகம். டென்னிஸே பிடிக்காது என்று ஒரு சாம்பியன் எழுதுகிறார். அப்பாவின் கட்டாயத்தில் மட்டையைப் பிடித்தவர், 1997-இல் தரவரிசையில் 141-க்குச் சரிந்து, சின்னப் போட்டிகளில் ஆடி மேலே ஏறி, 1999-இல் பிரெஞ்சு ஓபன் போட்டியை வென்று முதலிடத்தையும் திரும்பப் பிடித்தார். பிடிக்காத வேலையிலும் நமக்கென்று ஒரு காரணத்தைத் தேடிக்கொள்ளலாம் என்பதை இவ்வளவு வெளிப்படையாக வேறெங்கும் நான் படித்ததில்லை. அவருக்கு அந்தக் காரணம், ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளி.

என் ஓட்டு புத்தகத்துக்கே. படிக்க நேரமில்லையா, சரி, ராக்கியில் தொடங்குங்கள்.