பிரிண்ட், சேவ்ஆஸ், எக்ஸ்போர்ட்கிராபிக்ஸ்: ரிப்போர்ட்டுக்கு எது?

உன்னிச்சைப் பக்கத்து மழைவீழ்ச்சியை, கணக்குப் போட்டு வரைபடம் கீறும் மென்பொருளான மட்லாப்பில் கீறி, மட்டக்களப்பு டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் அச்செடுத்தேன். திரையில் பளிச்சென்றிருந்த கோடு தாளில் பஞ்சாக விழுந்தது. பிழை மெஷினில் இல்லை. ஸ்கிரீன்ஷொட்டை வேர்டில் ஒட்டி, இழுத்துப் பெரிதாக்கியது நான்தான். படத்தைப் பைலாகச் சேமிக்க மட்லாப்பிலேயே தலைப்பில் சொன்ன மூன்று கட்டளைகள் இருக்கின்றன.

சேவ்ஆஸ் சோம்பேறிக்கு ஏற்றது. பெயரையும் பின்னொட்டையும் கொடுத்தால் போதும். ஆனால் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்ல வழியில்லை. பாடம் எடுக்கும் சேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அது தாராளம்.

பிரிண்ட் கட்டளையில் ஆர்300, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, என்று சேர்க்கலாம். 6 அங்குல அகலப் படத்துக்கு 1800 புள்ளி கிடைக்கும். மட்லாப் மாதிரியே இயங்கும், காசில்லாமல் கிடைக்கும் ஒக்டேவிலும் இதே கட்டளை ஓடும், லைசன்ஸ் இல்லாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல். பிடிஎப் ஆகச் சேமித்தால்தான் கரைச்சல்: முழுத்தாளின் நடுவே படம், சுற்றிலும் வயல்வெளி மாதிரி வெள்ளை. கட்டளையோடு பெஸ்ட்பிட் என்று சேர்த்துப் போட்டால் படம் தாளளவுக்குப் பெருக்கும், தாளை வெட்டாது.

எக்ஸ்போர்ட்கிராபிக்ஸ் மட்லாப்பின் 2020 முதல் பதிப்பில் வந்தது. ஓர வெள்ளையைத் தானே வெட்டிவிடும். வெக்டர் (புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகவே சேமிக்கும் முறை) என்று கேட்டால் கோடும் எழுத்தும் எவ்வளவு பெருப்பித்தாலும் கூராகவே இருக்கும். வேர்டுக்குப் பதில் லேடெக்ஸ் என்ற மென்பொருளில் ரிப்போர்ட் எழுதுபவர்கள் வேறெதையும் தேட வேண்டாம். வேர்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளியில் பிஎன்ஜி படம் நல்லது. ஜேபெக் வேண்டவே வேண்டாம், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி வரும். லட்சக்கணக்கான தரவுப் புள்ளிகள் உள்ள வரைபடத்தை வெக்டராக்கினால் பைல் வீங்கி, கடைக் கொம்பியூட்டர் திணறும். அதற்கும் பிஎன்ஜிதான். பழைய பதிப்பு உள்ள லேபில் இந்தக் கட்டளையே இருக்காது. அங்கே பிரிண்ட்தான் கைகொடுக்கும்.

எதை எடுத்தாலும், படச் சட்டத்தை முதலிலேயே 16 சென்ரிமீற்றர் அகலத்தில் வைத்து, எழுத்தின் அளவை 10 ஆக்குங்கள். பிறகு வேர்டில் இழுக்காதீர்கள். கலர்ப் பக்கத்துக்குக் காசு கூட என்பதால் பலர் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார்கள். அதில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் ஒரே சாம்பல். ஒன்றைப் புள்ளிக்கோடாக்கி விடுங்கள்.

அப்புறம், பிறகு திறந்து திருத்தக்கூடிய மட்லாப்பின் பிக் பைலையும் சேமித்து வையுங்கள். பிரிண்டுக்குப் போகும் முதல்நாள் இரவுதான் சேர் வரைபடத்தின் எக்ஸ், வை அச்சின் பெயரை மாற்றச் சொல்வார்.