கோல்பி ஏ இன்டெக்ஸ்: வேலையில் இறங்கும் விதத்தைக் கேட்கும் 36 கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரிலிருந்து இயங்கும் கோல்பி நிறுவனம் இணையவழியாக நடத்தும் சோதனைக்குக் கோல்பி ஏ இன்டெக்ஸ் என்று பெயர். சிறிய பதிப்பகம் ஒன்றின் ஆசிரியர் குழுவில் பணியாற்றும் நானும் என் சக ஊழியர்கள் சிலரும் அதை எழுதினோம். முடிவுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். அவற்றை வைத்து வேலைகளை மாற்றிப் பிரித்தும் பார்த்தோம். ஒருவருக்கு எவ்வளவு அறிவு இருக்கிறது, அவருடைய குணம் எப்படிப்பட்டது என்ற இரண்டையும் இந்தச் சோதனை தொடுவதில்லை. யாருடைய கட்டாயமும் இல்லாமல் தம் போக்கில் விடப்பட்டால் ஒருவர் ஒரு வேலையில் எப்படி இறங்குவார் என்பதை மட்டும் கண்டுசொல்ல முயல்கிறது. சேர்ந்து வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இது உண்மையிலேயே உதவுகிறது என்று உறுதியாகச் சொல்வேன். வேலைக்கு ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

சோதனையில் மொத்தம் 36 கேள்விகள். ஒவ்வொரு கேள்வியும் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, அதில் நீங்கள் செய்யக்கூடிய நான்கு செயல்களை முன்வைக்கிறது. அவற்றுள் நீங்கள் பெரும்பாலும் செய்யக்கூடியது எது, எளிதில் செய்யத் துணியாதது எது என்று இரண்டை மட்டும் குறிக்க வேண்டும். நடுவில் உள்ள இரண்டையும் விட்டுவிடலாம். கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் விடை சொல்லும்போது தடுமாற்றம் வருகிறது; ஏனென்றால் நான்குமே நல்ல செயல்களாக, ஒரு பொறுப்புள்ள ஊழியர் செய்யக்கூடியவையாகவே இருக்கின்றன. மேலதிகாரிக்குப் பிடித்த விடை இது என்று ஊகித்துக் குறிப்பதற்கு அவ்வளவாக இடமில்லை. இந்த அமைப்பைச் சோதனையின் முதல் சிறப்பாகக் கருதுகிறேன். யோசித்து யோசித்து எழுதினாலும் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். முடித்தவுடன் நான்கு நிறங்களில் நான்கு பட்டைகளும், அவற்றின் மீது நான்கு எண்களும், நீண்ட விளக்கமும் திரையில் வந்துவிடுகின்றன.

அந்த நான்கு பட்டைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சிவப்புப் பட்டைக்கு ஃபேக்ட் ஃபைண்டர் என்று பெயர். தகவலைத் திரட்டுவதிலும் பிறருக்குத் தெரிவிப்பதிலும் ஒருவர் எவ்வளவு ஆழம் போவார் என்பதை அது காட்டுகிறது. நீலம் ஃபாலோ த்ரூ. ஒழுங்கு, வரிசை, நடைமுறை ஆகியவற்றை அமைக்கும் போக்கு. பச்சை குயிக் ஸ்டார்ட். நிச்சயமில்லாத நிலைமையையும் துணிந்து பார்க்க வேண்டிய வேலையையும் ஒருவர் கையாளும் விதம். மஞ்சள் இம்ப்ளிமென்டர்; கையால் தொட்டுச் செய்யும் பொருள்கள், கருவிகள், இடம் ஆகியவற்றோடு ஒருவருக்குள்ள உறவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை எண் தருகிறார்கள். 7 முதல் 10 வரை வாங்கியவர் அந்த வழியில்தான் வேலையைத் தொடங்குவார். 4 முதல் 6 வரை வாங்கியவர் தேவைக்கு ஏற்ப வளைந்துகொடுப்பார். 1 முதல் 3 வரை வாங்கியவர் அந்த வழியை மிஞ்சவிடாமல் தடுத்துக் காப்பார்.

இந்தக் கடைசி வகைதான் பலருக்குப் புரியாத இடம். கோல்பியின் தனிச்சிறப்பும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்முடைய பள்ளிக்கூடப் பழக்கத்தில் பத்துக்கு இரண்டு என்றால் தோல்வி. இங்கே அப்படியில்லை. ஃபேக்ட் ஃபைண்டரில் 2 வாங்கியவருக்கு ஆராயத் தெரியாது என்று பொருள் கொள்ளக் கூடாது. நாற்பது பக்க அறிக்கையை நான்கு வரியில் சுருக்கித் தருவது அவருடைய பலம். குயிக் ஸ்டார்ட்டில் 2 வாங்கியவர் கோழையல்லர். எல்லோரும் புதிது புதிதாக ஓடும்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலை கவிழாமல் நிலைநிறுத்துகிறவர். ஒவ்வொரு வழியிலும் மக்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர் மேல்நிலையிலும், 60 விழுக்காட்டினர் நடுவிலும், 20 விழுக்காட்டினர் கீழ்நிலையிலும் அமைவார்கள் என்று நிறுவனம் சொல்கிறது. எந்த எண் சேர்க்கையும் இன்னொன்றைவிடத் தாழ்ந்ததன்று என்பது அவர்களுடைய அடிப்படை நிலைப்பாடு. இதை வெறும் ஆறுதல் வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கக் குறிப்பு முழுவதும் அந்த நிலைப்பாட்டுக்கு நேர்மையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்ற வரிசையில் எனக்கு வந்த முடிவு 8, 6, 3, 3. எங்கள் குழுவில் புதிய நூல்களுக்குத் திட்டமிடும் சக ஊழியருக்கு வந்தது 3, 4, 9, 4. எங்கள் இருவருக்கும் இடையே வெகுநாளாக ஓர் உரசல் இருந்தது. ஒரு நூலைப் பற்றிப் பேச்செடுத்தால், அதே பொருளில் முன்பு என்னென்ன வந்திருக்கின்றன, எவை விற்றன, எவை தேங்கின என்றெல்லாம் கேட்காமல் என்னால் ஓரடிகூட வைக்க முடியாது. அவரோ அட்டைப்பட யோசனை வரை முதல் நாளே போய்விடுவார். நான் முட்டுக்கட்டை போடுவதாக அவரும், அவர் பொறுப்பில்லாமல் பேசுவதாக நானும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரே வழியில் இருவருக்கும் இடையே நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட எண் வேறுபாடு இருந்தால் அங்கே மோதல் வர வாய்ப்பு உண்டு என்று கோல்பியின் விளக்கம் சொல்கிறது. எங்களுக்கு ஒன்றில் ஐந்தும் மற்றொன்றில் ஆறும் வேறுபாடு. அந்தப் படத்தை அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, முதல் கூட்டத்தில் அவர் தடையில்லாமல் பேசுவது, நான் கேள்விகளை எழுதிவைத்து அடுத்த கூட்டத்தில் கேட்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். குற்றச்சாட்டுக்கு இடமில்லாத ஒரு பேச்சுமொழி கிடைத்ததே அந்த ஏற்பாட்டுக்கு வழிவகுத்தது.

மஞ்சள் பட்டையில் 7 வாங்கியவர் எங்கள் பக்க வடிவமைப்பாளர். சிறுவர்களுக்கான அறிவியல் நூல் ஒன்றில், இரண்டு பக்கங்களுக்கு விரியும் பெரிய படத்தை எங்கே வைப்பது என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. ஒரு தாளை எடுத்து மூன்று முறை மடித்து, ஓரங்களைக் கிழித்து, 1 முதல் 16 வரை பென்சிலால் எண் போட்டு ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், செய்தார். “பேசிக்கிட்டே இருந்தா தெரியாது சார், மடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு நடுவில் பிரித்துக் காட்டினார். ஒரே தாளை மடித்துக் கிடைக்கும் பதினாறு பக்க ஃபாரத்தில் 8-ஆம் பக்கமும் 9-ஆம் பக்கமும் மட்டுமே வெட்டுப்படாத ஒரே விரிப்பாக அமைகின்றன. வேறு எங்கே வைத்தாலும் படத்தின் இரு பாதிகளையும் அச்சில் ஒட்டவைத்தாக வேண்டும். கூட்டங்களில் அவர் மௌனமாக இருப்பதை ஆர்வமின்மை என்று யாரும் இனி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இப்போதெல்லாம் வடிவமைப்புக் கூட்டம் என்றால் மேசையில் வெள்ளைத் தாளும் கத்தரிக்கோலும் இருக்கின்றன.

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. இதை உருவாக்கிய கேத்தி கோல்பியின் தந்தை எல்டன் வொண்டர்லிக். 12 நிமிடங்களில் 50 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய புகழ்பெற்ற வொண்டர்லிக் தேர்வை 1930-களில் வகுத்தவர் அவர். அமெரிக்கக் கால்பந்துச் சங்கமான என்எஃப்எல், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பல ஆண்டுகள் அந்தத் தேர்வையே நடத்தியது, 2022-இல்தான் கைவிட்டது. தந்தை ஒருவர் எவ்வளவு விரைவாகச் சிந்திக்கிறார் என்று அளந்தார். மகளோ மனத்தை அறிவு, உணர்வு, செயல்முனைப்பு என்று மூன்றாகப் பிரித்துக் காணும் பழைய ஐரோப்பிய மரபிலிருந்து, உளவியலாளர்கள் நெடுங்காலம் கவனிக்காமல் விட்ட மூன்றாவது பகுதியைக் கையில் எடுத்தார். எத்தனை மதிப்பெண் என்று கேட்டுப் பழகிய உலகத்தில், எந்த வழியில் செய்வாய் என்று கேட்டதை ஒரு பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன்.

இனி நான் உடன்படாத இடத்துக்கு வருகிறேன். கோல்பி நிறுவனம் இந்தப் போக்குகளை இயல்பூக்கம் என்று அழைக்கிறது; இவை பிறவியிலேயே அமைந்தவை, வாழ்நாள் முழுவதும் மாறாதவை என்றும் சொல்கிறது. விலங்கியலில் இயல்பூக்கத்துக்குக் கடுமையான இலக்கணம் உண்டு. 1938-இல் கான்ராட் லோரன்ஸும் நிக்கோ டின்பர்கனும் வெளியிட்ட ஆய்வில், கூட்டிலிருந்து உருண்டு வெளியே போன முட்டையைச் சாம்பல் வாத்து தன் அலகால் உள்ளே இழுத்துக்கொள்வதைக் காட்டினார்கள். பாதி வழியில் முட்டையை எடுத்துவிட்டாலும், இல்லாத முட்டையை இழுப்பதுபோல் அந்த வாத்து கழுத்தை மார்புவரை கொண்டுவந்தே நிறுத்துகிறது. கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாத, இனம் முழுவதற்கும் பொதுவான செயல் அது. பழைய ஆவணங்களைத் தேடிப் படித்த பிறகே எழுதத் தொடங்குகிறவரின் வழக்கத்தை இதோடு ஒன்றாக வைப்பதற்கு, 36 கேள்விகளுக்கு நாமே சொல்லும் விடைகள் போதுமான சான்றாக மாட்டா. என்னுடைய 8 பிறவியில் வந்ததா, மெய்ப்புத் திருத்தியே கழிந்த ஆண்டுகளில் வந்ததா என்று இந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல இயலாது. பிரித்துச் சொல்லாவிட்டாலும் அதன் பயன் குறையவில்லை என்பதால், அந்தப் பெரிய உரிமைகோரல் இல்லாமலேயே இது நன்றாக நிற்கும் என்பது என் எண்ணம்.

அளவீட்டு முறையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கில் ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று தாழ்ந்தே ஆகும் வகையில் கேள்விகள் அமைந்துள்ளன. ஆகையால் ஒருவருடைய நான்கு போக்குகளுள் எது முந்தி, எது பிந்தி என்பதை எண்கள் தெளிவாகக் காட்டும். என்னுடைய 8-ஐயும் இன்னொருவருடைய 6-ஐயும் வைத்து நான்தான் அவரைவிட அதிகம் ஆராய்கிறவன் என்று முடிவு கட்டுவது சரியாகாது. அதோடு, நம்மைப் பற்றிய விளக்கம் நமக்குப் பொருத்தமாகத் தோன்றுவதே அதன் உண்மைக்குச் சான்றாகிவிடாது. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரே குணவிளக்கத்தைத் தனித்தனியே எழுதியதுபோல் கொடுத்தபோது, அவர்கள் அதற்கு ஐந்துக்குச் சராசரியாக நான்குக்கும் மேல் மதிப்பெண் தந்தார்கள். கோல்பியின் விளக்கம் அவ்வளவு பொதுப்படையானதன்று. என் குழுவில் ஒருவருடைய பக்கத்தை இன்னொருவர் பெயரில் படித்தால் பொருந்தவில்லை என்பதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஆயினும் முடிவைப் படிப்பவர் தம்மோடு வேலை செய்பவரிடமும் அதைக் காட்டி, “இப்படித்தான் இருக்கிறேனா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

ஆள் எடுப்பதற்கும் இந்தச் சோதனையின் முடிவுகளைப் பயன்படுத்தலாம் என்று நிறுவனம் சேவைகளை விற்கிறது. இதைத்தான் வேண்டாம் என்கிறேன். கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1971-இல் அளித்த தீர்ப்பை இங்கே நினைவுகூரத்தான் வேண்டும். அந்த மின் நிறுவனம் தொழிலாளர்களுக்கு வைத்த தேர்வுகளுள் வொண்டர்லிக் தேர்வும் ஒன்று. கறுப்பினத் தொழிலாளர்களைப் பெருமளவில் வெளியே நிறுத்திய அத்தகைய தேர்வுகள், செய்ய வேண்டிய வேலையோடு தொடர்புடையவை என்று காட்டப்பட வேண்டும் என நீதிமன்றம் கூறியது. கோல்பி வேறு வகைச் சோதனைதான். இனம், பாலினம், வயது ஆகியவற்றால் முடிவு சாய்வதில்லை என்று அவர்கள் கூறுகிறார்கள். இருந்தாலும், வேலை தேடி வந்தவர் தம் போக்கை மனந்திறந்து எழுதுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வரும் வேலையின் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வது அதைவிட நேர்மையான வழி.

இதே தேவைக்கு விற்கப்படும் மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மையர்ஸ்-பிரிக்ஸ் மனிதர்களை 16 வகைகளாகப் பிரிக்கிறது. பேச சுவாரசியமாக இருக்கும், ஆனால் திங்கட்கிழமை வேலையை எப்படிப் பிரிப்பது என்பதற்கு அதிலிருந்து வழி கிடைப்பதில்லை. கேலப் நிறுவனத்தின் கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் 34 பலங்களை வரிசைப்படுத்தித் தருகிறது; தனிமனிதருக்கு ஊக்கம் தரும், குழுவாக வைத்துப் பார்க்க 34 என்பது மிக அதிகம். நான்கு எண்கள் மனத்தில் நிற்கின்றன.

குறையாகச் சொல்ல விலையும் இருக்கிறது. ஒரு நபருக்கு 50 டாலருக்கு மேல் என்பது நம் ஊர்ச் சிறு நிறுவனங்களுக்குப் பெரிய தொகை. நாங்கள் எழுதியது ஆங்கிலத்தில்; விடைகளுக்கு இடையே உள்ள நுணுக்கமான வேறுபாட்டைப் பிடிக்க நல்ல ஆங்கிலப் பயிற்சி வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத ஊழியரை எழுதவைத்து அந்த முடிவை நம்புவது அவருக்கு இழைக்கும் அநீதியாகிவிடும்.

ஏ இன்டெக்ஸைத் தவிர, ஒருவர் தம் வேலை தம்மிடம் எதைக் கேட்பதாக நினைக்கிறார் என்பதற்கு பி இன்டெக்ஸும், அந்த வேலையைப் பற்றி மேற்பார்வையாளரின் எதிர்பார்ப்பு என்ன என்பதற்கு சி இன்டெக்ஸும் உள்ளன. தொடக்கத்திலேயே அவற்றை வாங்க வேண்டியதில்லை. நாள்தோறும் சேர்ந்து வேலை செய்யும் நான்கைந்து பேர், விருப்பப்பட்டவர்கள் மட்டும், ஏ இன்டெக்ஸை எழுதலாம். முடிவுகளை மேலாளரிடம் ஒப்படைப்பதா வேண்டாமா என்பதை அவரவரே தீர்மானிக்கட்டும். பிறகு ஒரு முற்பகலை ஒதுக்கி, முடிந்துபோன ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதில் யார் எங்கே சிக்கினார்கள் என்பதை நான்கு பட்டைகளோடு வைத்துப் பேசுங்கள்; கட்டிய பணத்துக்கான பயன் அந்தப் பேச்சில் கிடைத்துவிடும்.